குறையுள்ள நாய்க்குட்டியை வாங்கலாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நோயோ குறையோ உள்ள குட்டியைத் தொடவே கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நாம் எடுக்காவிட்டால் அதை யார் எடுப்பார்கள் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சுமே குட்டியைப் பார்ப்பதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுகின்றன. தொப்புளில் சுண்டைக்காய் அளவு வீக்கம் உள்ள குட்டியும், இரண்டு காதும் கேட்காத குட்டியும், ரத்தமாகப் பேதி போகும் குட்டியும் ஒரே கணக்கில் வராது. என்ன குறை, அது போகப்போக எப்படி மாறும், அதைச் சுமக்க உங்கள் வீட்டால் முடியுமா என்ற மூன்றுக்கும் விடை தெரிய வேண்டும். அதற்குப் பிறகுதான் வாங்குவதைப் பற்றிய பேச்சு. விலைக் குறைப்பு கடைசியில் வர வேண்டிய விஷயம். ஆனால் விற்கும் இடத்தில் அதுதான் முதலில் வந்து நிற்கும்.

1. முதல் தடவை போகும்போது முன்பணம் வேண்டாம்

"இதுக்கு மட்டும் ஒரு சின்னக் குறைங்க. மத்த குட்டிக்குச் சொன்னதுல பாதி கொடுங்க போதும். நாளைக்கு வேற ஆள் வர்றாங்க, இப்பவே சொல்லிடுங்க" என்பார்கள். அந்த நேரத்தில் குட்டி உங்கள் மடியில் படுத்து விரலைச் சப்பிக்கொண்டிருக்கும். யாராலும் நிதானமாக யோசிக்க முடியாத நேரம் அது. அதனால் முதல் தடவை பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். "டாக்டர்கிட்ட காட்டிட்டு ரெண்டு நாள்ல சொல்றேங்க" என்று சொல்லுங்கள். டாக்டரிடம் காட்டவே விடமாட்டேன் என்கிற இடத்தில் மேற்கொண்டு பேசாதீர்கள்.

குட்டிக்கு எட்டு வாரம் ஆகிவிட்டதா என்றும் பாருங்கள். 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். இதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. முப்பது நாள் குட்டியில் பல குறைகள் கண்ணுக்கே தெரியாது. தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்பு சக்தி குறையும்போதுதான் தொற்று நோய்களும் தலைகாட்டும்.

2. குறைக்கு மருத்துவர் வைத்த பெயரைக் கேளுங்கள்

"லேசா சளி", "கால் கொஞ்சம் வீக்", "வளர்ந்தா சரியாயிடும்". இவற்றில் எதுவுமே நோயின் பெயர் இல்லை. எந்த மருத்துவர் பார்த்தார், எப்போது பார்த்தார், சீட்டில் என்ன எழுதியிருக்கிறார் என்று கேளுங்கள். சீட்டு இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு குட்டியை விற்பவருக்கு வழக்கமான டாக்டரிடம் இல்லாமல் நீங்கள் தேர்ந்தெடுத்த டாக்டரிடம் காட்டுங்கள். பரிசோதனைச் செலவு உங்களுடையதாகவே இருக்கட்டும்.

அருகில் நல்ல கிளினிக் இல்லையென்றால் கால்நடை மருத்துவக் கல்லூரிகளை ஒட்டிய மருத்துவமனைகள் இருக்கின்றன. சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கல்லூரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ராமையன்பட்டி எல்லாம் அந்த வகை. காத்திருக்க வேண்டிவரும். ஆனால் குட்டியை விற்பதிலோ வாங்குவதிலோ அங்கே யாருக்கும் லாபம் இல்லை. இந்தச் சூழலில் அது பெரிய விஷயம்.

மருத்துவரிடம் "வாங்கலாமா டாக்டர்?" என்று கேட்காதீர்கள். அதற்கு அவர் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இப்படிக் கேளுங்கள்: இது பிறவியிலேயே வந்ததா, இடையில் தொற்றியதா? தானாகச் சரியாக வாய்ப்பு உண்டா, எத்தனை மாதம் வரை பார்க்கலாம்? அறுவை சிகிச்சை வேண்டுமென்றால் எப்போது, எங்கே, எவ்வளவு ஆகும்? அது முடிந்தபின் சாதாரண நாயாக இருக்குமா, ஆயுள் முழுக்க மாத்திரையா? எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? பதில்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து யோசித்தால் நமக்குப் பிடித்த பதில் மட்டும்தான் ஞாபகத்தில் நிற்கும்.

3. நீங்களே பார்க்கக்கூடியவை

சோறு வைக்கும் நேரத்தில் போங்கள். எந்தக் குட்டி முண்டியடித்து வருகிறது, எது பின்தங்குகிறது, எது இரண்டு வாய் தின்றுவிட்டு மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பால் குடிக்கும்போது மூக்கு வழியாகப் பால் வந்தால் மேல் அண்ணத்தில் பிளவு இருக்கலாம். வாயைத் திறந்து பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். ஈறு வெளுத்துக் கிடந்தால் வயிற்றுப் பூச்சி, உண்ணி என்று ரத்தம் குறையப் பல காரணங்கள் உண்டு.

உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் பெரும்பாலும் பூச்சிதான். மருந்து கொடுத்தால் தீர்ந்துவிடும். ஆனால் இரண்டு வார வயதிலேயே தொடங்க வேண்டிய பூச்சி மருந்தை எட்டு வாரம் வரை கொடுக்காத ஆள் வேறு எதைச் செய்யாமல் விட்டிருப்பார் என்ற கேள்வி வருகிறதே, அதை விடாதீர்கள். தாயைக் கட்டாயம் பாருங்கள். "தாய் இங்க இல்லைங்க, தோட்டத்துல இருக்கு" என்றால் தோட்டத்துக்கே போய்ப் பாருங்கள்.

4. காது கேட்காத ராஜபாளையம் குட்டி

நம் ஊரில் இந்தக் கேள்வி அடிக்கடி வருவது ராஜபாளையம் நாயில்தான். முழு வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு என்று ஆசைப்பட்டு எடுக்கிறோம். அந்த வெள்ளையோடு சேர்ந்து வரும் குறைதான் செவிட்டுத்தன்மை. தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் அதே வகை உயிரணுக்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அவை அங்கே இல்லாதபோது, ஒலியை உணரும் பகுதிக்கு வேண்டிய ரத்த ஓட்டம் கெட்டு, பிறந்த சில வாரங்களில் கேட்கும் திறன் போய்விடுகிறது. போனது போனதுதான், மருந்தோ அறுவை சிகிச்சையோ கிடையாது. வெள்ளை நிறமே குறை என்று இதற்கு அர்த்தமில்லை. நன்றாகக் காது கேட்கும் வெள்ளை ராஜபாளையங்கள் ஏராளம்.

கூட்டமாக இருக்கும்போது செவிட்டுக் குட்டியைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மற்ற குட்டிகள் எழுந்து ஓடினால் அதுவும் கூடவே ஓடும், தாய் நகர்ந்தால் தரையின் அதிர்வில் விழித்துக்கொள்ளும். அதனால் தனியாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். குட்டி அசந்து தூங்கும் வரை காத்திருங்கள். அதன் பார்வைக்குப் படாமல், காற்று மேலே வீசாத தூரத்தில், தரையிலும் படாமல் கையில் பிடித்தபடி ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுங்கள். கேட்கும் குட்டியின் காது மடல் உடனே துடிக்கும், தலை தூக்கும். செவிட்டுக் குட்டியின் வயிறு அதே சீரில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், காது மடலில் அசைவே இருக்காது. வேறு வேறு ஒலியில் இரண்டு மூன்று தடவை செய்து பாருங்கள். சில குட்டிகள் ஒரே சத்தம் திரும்ப வந்தால் சலித்துப்போய்ச் சட்டை செய்வதில்லை. கைதட்டிப் பார்ப்பது சரியான சோதனை இல்லை, கை அசைவே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தச் சோதனையில் ஒற்றைக் காது கேட்காத குட்டி தப்பிவிடும். நல்ல காது ஒன்று இருந்தால் அது துள்ளி எழுந்துவிடும். வெள்ளை உடம்பில் புள்ளி கொண்ட டால்மேஷன் இனத்தில் அமெரிக்காவில் நடந்த சோதனைகளில், இரண்டு காதும் கேட்காத குட்டிகளைவிட ஒரு காது மட்டும் கேட்காதவையே அதிகமாக இருந்தன. மூளைக்குப் போகும் மின் அலைகளை அளந்து ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சொல்லும் சோதனை இருக்கிறது, ஆனால் எல்லா ஊரிலும் கிடைக்காது. வீட்டு நாயாக வளர்க்க ஒற்றைக் காது போதும். அதை வைத்துக் குட்டி எடுப்பது மட்டும் கூடவே கூடாது. குறை அடுத்த தலைமுறைக்குப் போகும்.

இரண்டு காதும் கேட்காத குட்டியை வாங்கலாமா? சுற்றுச்சுவரும் கேட்டும் உள்ள வீடு, பகலில் ஒரு ஆளாவது வீட்டில் இருப்பார், கை சைகையில் பழக்கும் பொறுமை உண்டு என்றால் தாராளமாக எடுக்கலாம் என்பது என் கருத்து. அந்த நாய்க்கு வலி கிடையாது, தினசரி மாத்திரை கிடையாது, ஆயுளும் குறையாது. உட்கார், வா, வேண்டாம் என்பதற்கெல்லாம் கைச் சைகை வைத்தால் ஆச்சரியப்படும் வேகத்தில் கற்றுக்கொள்ளும். இரவில் கூப்பிட டார்ச் வெளிச்சத்தை ஒரு தடவை தரையில் அடித்துக் காட்டினால் போதும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. தூங்கும்போது திடீரென்று தொட்டால் பதறிக் கடித்துவிடலாம். அதனால் முதல் நாளிலிருந்தே, தூங்கும் குட்டியின் மூக்குக்கு நேராகக் கையைக் கொண்டுபோய் வாசனை காட்டி, தோளில் மெதுவாகத் தொட்டு எழுப்பி, உடனே ஒரு தீனி கொடுத்துப் பழக்க வேண்டும். தொட்டால் நல்லது நடக்கும் என்று அது நம்ப வேண்டும். இரண்டாவது தெரு. சங்கிலி இல்லாமல் வெளியே விடவே கூடாது, பின்னால் வரும் லாரியின் ஹாரன் அதற்குக் கேட்காது.

தோட்டக் காவலுக்கு என்று தேடுகிறீர்கள், வேலி இல்லாத பம்புசெட்டுக்குப் பக்கத்தில் அவிழ்த்துவிடப் போகிறீர்கள் என்றால் இந்தக் குட்டி வேண்டாம். நடை பழகும் குழந்தை இருக்கும் வீட்டிலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். தூங்கும் நாயின் மேல் குழந்தை விழும் நாள் கட்டாயம் வரும்.

5. மற்ற பிறவிக் குறைகள்

தொப்புள் வீக்கம்தான் அதிகம் கண்ணில் படுவது. மெத்தென்று இருந்து, விரலால் அழுத்தினால் உள்ளே போய்விட்டால் பெரும்பாலும் பயமில்லை. சிறியதாக இருந்தால் ஆறு மாதத்துக்குள் தானாக மூடிக்கொள்வதும் உண்டு, இல்லையென்றால் கருத்தடை அறுவை செய்யும்போது சேர்த்தே தைத்துவிடுவார்கள். ஓட்டை பெரியதாக இருந்தால் குடல் இறங்கிச் சிக்கலாம். வீக்கம் கெட்டியாகி, சூடாகி, தொட்டால் கத்தினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆண் குட்டிக்கு விதை இரண்டும் எட்டு வாரத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஆறு மாதம் வரை பார்க்கலாம். அப்புறமும் உள்ளேயே இருந்தால் பின்னாளில் புற்றுநோய் வரும் ஆபத்து பல மடங்கு கூடும் என்பதால் எடுத்துவிட வேண்டும். வளர்ப்பதற்கு இது தடையே இல்லை, இனப்பெருக்கத்துக்குத்தான் ஆகாது.

இதய ஒலியில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பில் 'மர்மர்', அதாவது இதயத் துடிப்போடு ஒரு இரைச்சல் கேட்கிறது என்றால் அதன் அளவு ஆறில் எத்தனை என்று கேளுங்கள். ஒன்று, இரண்டு என்றால் வளரும் குட்டிகளில் சாதாரணமாக இருப்பதுதான், நான்கு ஐந்து மாதத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். மூன்றும் அதற்கு மேலும் இருந்தாலோ, இடைவிடாமல் மெஷின் ஓடுவதுபோல் கேட்டாலோ இதய ஸ்கேன் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிகளில், பிறந்ததும் மூட வேண்டிய ரத்தக்குழாய் ஒன்று மூடாமலே இருப்பது உண்டு. அதற்குத்தான் அந்த மெஷின் சத்தம். சீக்கிரம் அடைத்துவிட்டால் அந்த நாய் நன்றாக வாழும். விட்டுவிட்டால் பல குட்டிகள் ஒரு வயதைத் தாண்டுவதில்லை. அந்தச் சிகிச்சை செய்யும் இடங்கள் குறைவு. உங்களுக்கு எட்டும் தூரத்தில் யார் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டபின் பேசுங்கள்.

தோலில் நாலைந்து இடத்தில் முடி உதிர்ந்து வட்டமாக இருந்தால் சுரண்டிப் பார்த்துப் பூச்சியின் வகையைச் சொல்வார்கள். டெமோடெக்ஸ் என்ற தோல் பூச்சி சில இடங்களில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் தானே சரியாகும். உடம்பு முழுக்கப் பரவியிருந்தால் பல மாத வைத்தியம். கண் ஓரத்தில் சிவப்பாகத் துருத்தும் 'செர்ரி ஐ'யை அறுவையில் உள்ளே வைத்துத் தைக்கலாம், துருத்துவது கண்ணீர்ச் சுரப்பி என்பதால் அதை வெட்டி எடுக்கக் கூடாது. வெட்டினால் கண் வறண்டு ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்துதான்.

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிகளின் இடுப்பு மூட்டை எட்டு வாரத்தில் பார்த்து யாராலும் உறுதி சொல்ல முடியாது. தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள். சப்பை மூக்குள்ள பக் இனக் குட்டி வாங்கப் போகிறவர்கள் மூக்குத் துவாரத்தைப் பாருங்கள். துவாரம் வெறும் கோடாக இருந்து, ஓடும்போது குறட்டை போல் சத்தம் வந்தால் சித்திரை வெயிலில் அது படும் பாட்டைப் பார்க்க முடியாது. பக் குட்டி அப்படித்தான் இருக்கும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

6. பேதி, வாந்தி, கண்ணில் பீளை இருந்தால் அன்றைக்கு வாங்காதீர்கள்

பிறவிக் குறைக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. பார்வோ, டிஸ்டம்பர் என்ற தொற்று நோய்கள் அப்படி இல்லை. சோர்ந்து படுத்து, வாந்தி எடுத்து, நாற்றத்தோடு ரத்தப் பேதி போனால் பார்வோவாக இருக்கலாம். கிளினிக்கிலேயே சில நிமிடங்களில் சோதித்துவிடுவார்கள். குளுக்கோஸ் ஏற்றி முழு வைத்தியம் செய்தால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கின்றன, செய்யாவிட்டால் பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன. அந்த வைத்தியம் விற்பவரின் பொறுப்பு. குட்டி அவரிடம்தான் நோயை வாங்கியது. "நீங்க எடுத்துட்டுப் போய் வைத்தியம் பாருங்க, விலையைக் குறைச்சுக்கறேன்" என்றால் தன் செலவை உங்கள் தலையில் கட்டுகிறார் என்று அர்த்தம்.

கூடப் பிறந்த ஒரு குட்டிக்கு நோய் இருந்தால், நன்றாக ஓடுகிற மற்ற குட்டிகளையும் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். கிருமி உள்ளே போய்ப் பல நாள் கழித்துத்தான் வெளியே காட்டும். பீளை, சளியோடு வாய் தானாக மெல்வதுபோல் அசைந்தாலோ கை கால் வெட்டி வெட்டி இழுத்தாலோ அது டிஸ்டம்பர் மூளைக்கு ஏறிய அறிகுறி. அந்தக் குட்டிகள் பிழைப்பது அரிது.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே தடுப்பூசி முடியாத நாய் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பார்வோ கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண பினாயிலுக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்குப் போய்வந்தால் செருப்பை வாசலிலேயே விட்டு, உடை மாற்றிய பிறகு உங்கள் நாயைத் தொடுங்கள்.

7. செலவுக் கணக்கு

மருத்துவர் சொன்னதை வைத்து மூன்று தொகை எழுதுங்கள். முதல் ஆறு மாதத்தில் வரும் சோதனை, அறுவைச் செலவு ஒன்று. அதற்குப் பிறகு மாதாமாதம் வரும் மருந்து, தனித் தீனி இரண்டு. எல்லாம் தவறாகப் போனால் ஒரே நாளில் புரட்ட வேண்டியது மூன்று. இந்த மூன்றாவது தொகையைக் கடன் வாங்காமல் எடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. விற்பவர் குறைக்கும் சில ஆயிரங்கள் இந்தக் கணக்கில் பெரிதாகத் தெரியாது. செல்லப்பிராணிக் காப்பீட்டை நம்ப வேண்டாம். பிறவிக் குறைக்கும் முன்பே இருந்த நோய்க்கும் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள்.

பணத்தைவிட ஆள்தான் முக்கியம். காலை எட்டு மணி மாத்திரையை யார் கொடுப்பார்கள், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள் என்று பெயரோடு எழுதுங்கள். "எல்லாரும் பார்த்துக்குவோம்" என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். பெரும்பாலும் அது வீட்டு அம்மாவின் தலையில் விழும், அவரைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

8. விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி

"இந்தத் தாயையும் தகப்பனையும் மறுபடி சேர்ப்பீங்களாண்ணே?" என்று கேளுங்கள். குறை பரம்பரையாக வரக்கூடியது என்றால், நேர்மையான வளர்ப்பாளர் இல்லை என்பார். காரணமும் சொல்வார், பல நேரம் குறையை நீங்கள் கேட்கும் முன்பே சொல்லியிருப்பார். அவரிடம் வாங்கலாம். சிரித்து மழுப்பினால், நீங்கள் கொடுக்கும் பணம் அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்கும் அதே குறையை வாங்கித் தரும். நாட்டு இனங்களில் சொந்தத்துக்குள்ளேயே சேர்ப்பது அதிகம் என்பதால் இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. நீங்கள் விட்டுவிட்டு வரும் அந்த ஒரு குட்டிக்கு நல்லது நடக்காமல் போகலாம் என்பதும் உண்மைதான். மனசு கேட்காதுதான். அப்படியானால் பணம் கொடுக்காமல் வாங்கிக்கொள்ள முடியுமா என்று பேசிப் பாருங்கள், பலர் கொடுத்துவிடுவார்கள்.

9. வாங்குவது என்று முடிவானால்

ஒரு வெள்ளைத்தாள் போதும். குட்டியின் அடையாளம், பிறந்த தேதி, மருத்துவர் எழுதிய குறையின் பெயர், கொடுத்த தொகை, போட்ட ஊசிகள், இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தமாட்டேன் என்ற உங்கள் உறுதி, எத்தனை நாளுக்குள் வேறு நோய் தெரிந்தால் பணம் திரும்பும் என்ற அவருடைய உறுதி எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தடுப்பூசிப் புத்தகத்தில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் மருத்துவரின் முத்திரையும் இருக்க வேண்டும். வெறும் தேதி மட்டும் எழுதியிருந்தால் ஊசி போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அழைத்து வந்த இரண்டு மூன்று நாளுக்குள் மறுபடி மருத்துவரிடம் காட்டி, மீதி ஊசிகளுக்குத் தேதி குறியுங்கள். தொடர் ஊசிகள் பதினாறு வாரம் வரை போகும். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில்.

10. வேண்டாம் என்று முடிவானால்

அன்றைக்கே போன் செய்து தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்" என்று இழுத்தால் உங்களை நம்பி மற்றவர்களை அனுப்பிவிடுவார், குட்டிக்கு வைத்தியமும் தள்ளிப்போகும். மருத்துவர் கண்டுபிடித்ததை எழுத்தில் அவருக்கு அனுப்புங்கள், அடுத்து வருபவரிடம் அவர் தெரியாது என்று சொல்ல முடியாது. குறையுள்ள ஒரு ஜீவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் உங்கள் விருப்பமாக இருந்தால் சென்னை புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் ஒரு கண் இல்லாத, மூன்று காலில் நடக்கும் குட்டிகள் வீடு கிடைக்காமல் இருக்கின்றன. தத்து கேட்கும்போதும் மேலே சொன்ன கேள்விகளையே கேளுங்கள். அங்கே குறையை மறைப்பதில் யாருக்கும் லாபம் இல்லை என்பதால் நேரான பதில் கிடைக்கும்.